வந்து சேராத லாரி

மாட்டுக்குள் தோள்பட்டை வரை கையை விடுகிற மனிதருக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். கந்தப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் கட்டிய மனைவி சௌந்திரத்திடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. கல்யாணமான மறுவாரமே அவளுக்கு அது தெரிந்துபோனது வேறு விஷயம்.

ஜலகண்டாபுரத்துக்காரர். கால்நடை ஆய்வாளர் வேலை கிடைத்து, எழுபதுகளின் கடைசியில் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிளை நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். பசுவைக் காளை இருக்கும் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போன காலம் மாறி, சினை ஊசி வந்துவிட்ட சமயம் அது. தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, அதற்குள் சீமைக் காளையின் விந்து வைத்து, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பசுக்களுக்கு ஏற்ற வேண்டும். ஊருக்கு அவர் மாட்டு டாக்டர். அவரும் மறுத்ததில்லை.

அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் பசு பருவத்துக்கு வந்து கத்தினால் சாயங்காலம் பொழுதோட ஊசி போட வேண்டும். பொழுதோட கத்தினால் மறுநாள் விடிவதற்குள் போட வேண்டும். ஆக, மனிதர்கள் வீட்டுக்குத் திரும்புகிற மசங்கல் வேளையில்தான் டாக்டர் வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. வண்டி ராஜ்தூத். அதன் விளக்கைப் பற்றி என்ன சொல்வது? ஆக்சிலேட்டரை முறுக்கினால் கொஞ்சம் எரியும்; பள்ளத்தைப் பார்த்து முறுக்கை விட்டுவிட்டால் அதுவும் சுருங்கிவிடும். வெளிச்சம் எப்போது தேவையோ அப்போது பார்த்துக் கைவிடுகிற விளக்கு.

அவருடைய வீட்டுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே பாறைக்காட்டு நேர்ரோடு கிடந்தது. இரண்டு பக்கமும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடு, நடுவில் ஓர் ஓடைப்பாலம், ஒரு வீடு கிடையாது. அதில் ஒருநாள் பொழுது சாய்ந்ததும் ரோட்டின் குறுக்கே நின்ற எருமையைப் பார்க்காமல் அவர் மோதி விழுந்தார். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவர்மேல் மூச்சு விட்டபடி நின்றது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வந்த சூடான மூச்சு டாக்டருக்குப் பிறகு எத்தனையோ நாள் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

மறுவாரம் சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் மயில்சாமியிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மயில்சாமி மஞ்சள் கண்ணாடி போட்ட இரண்டு பாக் லைட்டுகளை ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு பட்டை வைத்து, சாண் இடைவெளியில் அடுத்தடுத்து முடுக்கினான். பக்கப் பெட்டியில் தனி பேட்டரி. எல்லாம் சேர்ந்து எரிந்தால் பேட்டரி தாங்காது என்று பழைய ஹெட்லைட்டின் வயரை உருவிவிட்டான்.

"இனிமே ரோட்டுல எறும்பு போனாலும் தெரியுமுங்க" என்றான்.

தெரிந்தது. கந்தப்பன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருட்டில் போனதில்லை. முன்னால் போகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அந்த வெளிச்சம் எதிரே வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விளக்கு வாங்குகிற யாருக்குத்தான் தோன்றும்?

ஆட்டையாம்பட்டிக் கடைவீதியில் ஒரு போலீஸ்காரர் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க டாக்டரு, ஆர்.சி. புத்தகத்துல இருக்கற மாதிரிதான வண்டி இருக்கோணும்? இப்பிடி உங்க இஷ்டத்துக்கு லைட்டப் போட்டா சட்டப்படி தப்புங்க. கழட்டிப் போடுங்க."

"கழட்டிர்றனுங்க. உங்க எரும எப்படி இருக்குதுங்க? சினை பிடிச்சுருச்சா?"

"இன்னும் இல்லீங்க. நாளைக்கு வாரீங்களா?"

சட்டம் அதோடு நின்றுபோனது. டாக்டர் மறுநாள் போய் எருமையைப் பார்த்தார். விளக்கை யாரும் பார்க்கவில்லை.

ஏதோ விசித்திரம் என்று முதலில் கவனித்தவள் சௌந்திரம். அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் நேர்ரோடு தெரியும். ஒருநாள் அவர் உள்ளே வந்ததும் அவள் முறத்தோடு நின்றபடி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க ஓடைக்கு அக்கட்ட வந்துட்டிருக்கீங்கன்னு இப்பத்தான் பாத்துட்டு உள்ள போனேன். அரிசியக்கூடக் களையல. அதுக்குள்ள வாசல்ல நிக்கறீங்க."

"வேகமா வந்தேன்."

"அவ்வளவு வேகம் மனுசனுக்கு ஆகாதுங்க" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. புருஷன் வருவதற்கு முன்னால் வேறு என்னமோ வந்து நிற்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரிசி களையப் போனாள்.

அதே சமயத்தில்தான் ஊரில் பேச்சு கிளம்பியது. கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ ஃபேக்டரியில் வேலை முடிந்து கூட்டமாகத் திரும்புகிற பெண்கள்தான் தொடங்கினார்கள். பாறைக்காட்டு ரோட்டில் தூரத்தில் ஒரு லாரி வருகிறது. இரண்டு மஞ்சள் விளக்கு நன்றாகத் தெரிகிறது. புழுதிக்குப் பயந்து எல்லோரும் ரோட்டை விட்டு இறங்கி, முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு காட்டுப்பக்கம் திரும்பி நிற்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஒன்று படபடவென்று போகிறது. லாரி வரும், வரும் என்று நிற்கிறார்கள். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ரோடு வெறிச்சென்று கிடக்கிறது. வழியில் லாரி திரும்பிப் போகக் கிளை ரோடு கிடையாது. அப்படியானால் அந்த லாரி எங்கே போனது?

மோட்டார் சைக்கிளை யார் கணக்கில் எடுப்பார்கள்? லாரியைத்தான் எடுத்தார்கள். ஒருவர் அதில் டிரைவரே இல்லை என்றார். இன்னொருவர் சக்கரம் தரையில் படவில்லை என்றார். கந்தப்பன் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அந்தக் கதையைச் சொன்னார். கேட்ட டாக்டருக்கு உள்ளூர நடுங்கியது. பாறைக்காட்டு ரோட்டில் ஏறியதும் இரண்டு விளக்கையும் போட்டு, ஆக்சிலேட்டரை முறுக்க முடிந்த மட்டும் முறுக்கி, எந்தப் பக்கமும் பார்க்காமல் பறந்தார். அவர் எவ்வளவு பயந்தாரோ அவ்வளவு வேகமாகப் போனார். எவ்வளவு வேகமாகப் போனாரோ அவ்வளவுக்குக் கதையும் வளர்ந்தது. பாவம் மனிதர்! தன்னிடமிருந்தே அவர் அப்படி ஓடிக்கொண்டிருந்தார்.

எண்பத்திரண்டு தை மாதம் அது நடந்தது. வானம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஓடைப்பாலத்தை நெருங்கும்போது எதிரே வரிசையாகக் கிழங்கு ஏற்றிய மாட்டு வண்டிகள் வருவது தெரிந்தது. அந்த வரிசைக்குப் பின்னாலிருந்து திடீரென்று இரண்டு பெரிய விளக்குகள் வெளியே பாய்ந்து, ரோட்டை அடைத்துக்கொண்டு நேராக அவர்மேல் வந்தன. கந்தப்பன் கத்திக்கொண்டே வண்டியை மண்ணில் இறக்கினார். எகிறிக் குதித்ததில் வயர் பிடுங்கி அவருடைய விளக்கு இரண்டும் அணைந்தன. எதிரே வந்த விளக்குகள் வளைந்தன. பிறகு இல்லை. ஆமாம், அப்படியே இல்லாமல் போயின. பின்னால் மூட்டைகளைச் சரிக்கிற மாதிரி ஒரு சத்தமும், மாடுகள் மிரண்டு கத்துவதும் கேட்டன.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அந்த லாரி என்று அவருக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. விளக்கில்லாமல், வானத்து மிச்ச வெளிச்சத்திலேயே வீடு வந்து சேர்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

"பாத்துட்டேன் சௌந்திரம். அந்த லாரிய என்ற கண்ணால பாத்துட்டேன்."

காலையில் செய்தி வந்தது. கிழங்கு லோடு ஏற்றிய லாரி ஒன்று ஓடையில் கவிழ்ந்துவிட்டது. ஓட்டியவன் சின்னான், பக்கத்து ஊர்க்காரன். லோடுமேல் உட்கார்ந்து வந்தவன் ஆண்டி, சின்னானின் தங்கை செல்லாயியைக் கட்டியவன். ஆண்டி மூட்டைகளுக்கு அடியில் செத்துப்போனான். சின்னான் ஆஸ்பத்திரியில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான்: "எதுத்தாப்பல லாரி தூரமாத்தான் வந்துதுங்க. வண்டிகளத் தாண்டிறலாம்னுதான் ஏறினேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. அப்பறம் காணோமுங்க." வண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள். தூரத்தில் லாரி விளக்கு வந்தது, அணைந்தது, ஒன்றுமே வந்து சேரவில்லை.

கந்தப்பன் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் கேட்கும்படி, "நானும் பார்த்தேன்" என்றார். அரசாங்க உத்தியோகஸ்தர், படித்தவர், மாட்டு டாக்டரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் சந்தேகப்படுவார்கள்? ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, ஊர் கோழி அறுத்தது.

பிடுங்கிய வயரைச் சரிசெய்ய வண்டி சங்ககிரிக்குப் போனது. வேலை முடிந்து மயில்சாமியே அதை ஓட்டிக்கொண்டு வந்தான். கந்தப்பனும் சௌந்திரமும் வாசலில் நின்றிருந்தார்கள். பொழுது மேற்கே விழுந்து, காடு கறுக்கத் தொடங்கியிருந்தது. ரோட்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன.

"உங்க வண்டி வருதுங்க" என்றாள் சௌந்திரம்.

கந்தப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "அது வண்டி இல்ல. லாரி. ஓடைக்கு அக்கட்ட வருது. உள்ள வா."

"எனக்குத் தெரியாதுங்களா? தெனமும் இப்பிடித்தான் வாரீங்க."

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. விளக்குகள் தூரத்திலேயே இருந்தன. தூரத்திலேயே இருந்தன. பிறகு தூரமே இல்லாமல், மயில்சாமி வாசலில் ராஜ்தூத்தை நிறுத்திக் காலை ஊன்றினான்.

"முடிஞ்சுதுங்க. ஓட்டிப் பாருங்க" என்றான்.

கந்தப்பன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். இருட்டில் எதிரே வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. இரண்டு விளக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண் பார்க்கிறது. ஒட்டி இருந்தால் தூரம், விலகினால் கிட்டம். லாரிகள் ஓடுகிற இந்தச் சீமையில் குழந்தைக்குக்கூட அந்தக் கணக்கு பழகியிருந்தது. சாண் இடைவெளியில் இரண்டு விளக்கு வந்தால், அது இன்னும் எங்கோ இருக்கிற லாரிதான். சின்னான் அதை நம்பித்தான் ஏறியிருக்கிறான்.

அன்றிலிருந்து அவர் வண்டியைத் தொடவில்லை. சைக்கிளில் போனார். கை மாட்டுக்குள் இருக்கும்போது, மூட்டைகள் சரிகிற சத்தம் காதில் கேட்கும். சோறு இறங்கவில்லை. தன்னால்தான் ஒரு மனிதன் செத்தான் என்பதை யாராவது ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டு ஒப்புக்கொண்டால் போதும், என்ன தண்டனை வந்தாலும் வரட்டும் என்று இருந்தது அவருக்கு.

ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த ஏட்டு பொறுமையாகக் கேட்டார்.

"லைட்டு மாட்டுனது தப்புதானுங்க. அதுக்கு அபராதம் போடலாம், கட்டிட்டுப் போயிறலாம். ஆனா சாவுக்கு உங்கமேல எப்பிடிங்க எழுதறது? நீங்க உங்க பக்கத்துலதான வந்தீங்க? போங்க டாக்டரு, போயி நல்லாத் தூங்குங்க."

பிறகு சின்னானின் வீட்டுக்குப் போனார். சின்னான் காலில் கட்டோடு கட்டிலில் இருந்தான். போலீஸ் அவன்மேல் கேஸ் எழுதி லைசென்ஸைப் பிடுங்கிவைத்திருந்தது. செல்லாயி கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கே வந்திருந்தாள். கந்தப்பன் அவள் இல்லாத சமயம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். சின்னான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டார் சைக்கிளுங்களா? இல்லீங்க. லாரிங்க."

"நேர்ல காட்டறேன். வந்து பாரு. அப்பறம் கோர்ட்டுல நானே வந்து சொல்றேன், உன்மேல தப்பில்லன்னு."

மறுநாள் பொழுதோட சின்னானைக் கட்டை வண்டியில் உட்காரவைத்துப் பாலத்துக்கு அழைத்துப்போனார். மயில்சாமியிடம், விளக்கு எப்படித் தெரிகிறதென்று பார்க்க வேண்டும், வண்டியை எடுத்துவா என்று மட்டும் சொல்லியிருந்தார். மஞ்சள் பூசிய கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். காற்று இல்லை. ஓடையில் கவிழ்ந்த மூட்டைகளின் கிழங்கு அழுகிய வாடை இன்னும் இருந்தது.

விளக்குகள் தெரிந்தன. சின்னானின் கை கந்தப்பனின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி இறுகிக்கொண்டே போனது. நகம் தோலில் பதிந்தது. தொண்டைக்குள் என்னமோ சொன்னான். ஆண்டியின் பெயர் மாதிரி இருந்தது. விளக்குகள் தூரத்தில் இருந்தன. அப்புறம் ராஜ்தூத் அவர்கள் முன்னால் நின்றது.

"பாத்தியா சின்னான்?"

சின்னான் மூஞ்சியைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"இது இல்லீங்க" என்றான்.

"என்னப்பா சொல்ற? உன்ற கையி..."

"இது இல்லீங்க டாக்டரு." குரலைத் தாழ்த்தினான். "கேஸு முடிஞ்சாலும் முடியாட்டியும், லைசென்சு வந்தாலும் வராட்டியும் போச்சாது, பரவால்லீங்க. தங்கச்சிகிட்டப் பேயின்னு சொல்லியிருக்கேன். அத நம்பித்தான் அவ என்ற ஊட்டுல சோறு திங்கறா. மோட்டார் சைக்கிள லாரின்னு நெனச்சு நாந்தான் ஏறிட்டேன்னு தெரிஞ்சா, அவ புள்ளயத் தூக்கிட்டு எங்கீங்க போவா? உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். இத இன்னொரு தடவ சொல்லாதீங்க."

தண்டனை கேட்டு வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டால் அவர் என்னதான் செய்வார்? அன்றைக்கே கந்தப்பன் ஸ்பேனரை எடுத்து இரண்டு விளக்கையும் கழற்றினார். பட்டையையும் கழற்றினார். பழைய ஹெட்லைட்டின் வயரை மாட்டிக்கொண்டார். பசுக்கள் காத்திருக்கவில்லை, மறுபடியும் மசங்கலில் போகத்தான் வேண்டியிருந்தது. அந்த ரோட்டில் இப்போது மெதுவாகப் போனார். இருட்டு இருட்டாகவே இருந்தது. பயம் மட்டும் எங்கோ போய்விட்டது. அது போனது அவருக்குச் சந்தோஷமாக இல்லை.

மாசி முடிகிற சமயம், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையைக் காட்டினாள். செல்லாயி. கல்லுக்கு விளக்கு வைத்துவிட்டு எழுந்திருந்தாள். கந்தப்பன் வண்டியை நிறுத்தினார்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அதக் கண்ணுல பாத்தும் உசுரோட இருக்கறது என்ற அண்ணனும் நீங்களுந்தான். அண்ணன் வாயத் தொறக்கறதில்ல. கேட்டா அழுவறாரு. நீங்க சொல்லுங்க. அந்த லாரிய யாராச்சும் ஓட்டிட்டு வந்தாங்களா?"

கந்தப்பனுக்குச் சின்னான் கும்பிட்ட கை நினைவுக்கு வந்தது. ஆனால் எதிரே நிற்கிறவள் கேட்டது நேரான கேள்வி. அவளிடமும் பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

"ஓட்டிட்டுத்தான் வந்தான், செல்லாயி."

"மூஞ்சி தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது. என்ற மூஞ்சிதான். நாந்தான் வந்தேன்."

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். இப்போது கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். அதைத்தான் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது.

"அய்யோ சாமி! அது அப்பிடித்தான் வருமாட்ட இருக்குதுங்க. பாக்கறவிய மூஞ்சியவே மாட்டிக்கிட்டு வருது." பாலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் என்ற ஊட்டுக்காரரு குதிக்காம உக்காந்திருந்திருக்காரு. வாரது தன்ற மூஞ்சின்னா யாருக்குங்க பயம் வரும்?"

கந்தப்பன் பேச வாயைத் திறந்தார். அவள் அதற்குள் கல்லின் அடியிலிருந்து திருநீற்றை எடுத்து, எட்டி அவர் நெற்றியில் பூசினாள்.

"ஒரு தடவ உட்டுருச்சுங்க. மறுபடி உடாது. பாத்துப் போங்க சாமி. ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் இத அழிச்சராதீங்க."

திருநீறு கொஞ்சம் கண்ணில் விழுந்து எரிந்தது. அவர் அதைத் துடைக்காமல் வீடு வரை ஓட்டிக்கொண்டு போனார்.